பாலிக் புலாவில் ஓர் ஏக்கர் பால்மரம்: வெட்டவா, விடவா, காடாக்கவா?

பினாங்குத் தீவின் மேற்குப் புறத்தில், பாலிக் புலாவ் மலையடிவாரங்களில், அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று பழைய பால்மர (ரப்பர்) நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பால்வெட்டு நின்று வெகுகாலம் ஆகியிருக்கும். மரங்களுக்கு நாற்பது வயதுக்குக் குறையாது. பிள்ளைகள் ஜார்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் வேலையாக இருப்பார்கள். நிலத்தை விற்க மனம் வராது. சும்மா கிடக்கட்டும் என்று விடவும் மனம் கேட்காது. "கொஞ்சம் காடு மாதிரி இருக்கணும், போனா வந்தா நாலு பழம் கிடைக்கணும்" என்பதுதான் பொதுவாகக் காதில் விழும் ஆசை.

அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: அப்படியே விட்டுவிடுவது, தானாக முளைப்பதற்குக் கைகொடுத்துக் காடாக வளர்ப்பது, மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்டு அவசரக் காடு உண்டாக்குவது, டுரியான், ஜாதிக்காய், மங்குஸ்தீன் கலந்த டூசுன், அதாவது பழத்தோட்டம், போடுவது. நிலத்தின் சரிவு என்ன, முதல் மூன்று ஆண்டுகள் மண்ணில் இறங்கி வேலை செய்ய எத்தனை கைகள் இருக்கின்றன என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். எந்த மரம் பிடிக்கும் என்பது அதற்குப் பிறகுதான்.

முடிவுக்கு முன் ஒரு காலைப்பொழுது

கிரானை (நிலப்பட்டாவை) எடுத்து நில உபயோக வகையையும் அதில் எழுதியிருக்கும் சிறப்பு நிபந்தனையையும் படியுங்கள். "விவசாயம்" என்று பொதுவாக இருக்கிறதா, குறிப்பிட்ட பயிர் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா என்பது முக்கியம். நிபந்தனையை மீறினால் நில அலுவலகம் நடவடிக்கை எடுக்கலாம். அடுத்து, உங்கள் நிலம் 1960 ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலைநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டித் துப்புரவு செய்யக்கூடாது. வெட்டியதைக் குவித்துக் கொளுத்துவதும் நடக்காது. திறந்தவெளியில் எரிப்பதற்கு 1974 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

சரிவை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பத்தடிக் கம்பின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் ஊன்றி, மறுமுனையைத் தூக்கி மட்டமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைக் கம்பின்மேல் கிடத்தினால் மட்டம் தெரியும். தூக்கிய முனையிலிருந்து தரை 2 அடி 8 அங்குலம் கீழே இருந்தால் சரிவு 15 பாகை. 4 அடி 8 அங்குலம் இருந்தால் 25 பாகை. 25ஐத் தாண்டிய இடத்தில் டூசுன் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கடைசியாக, கன்றுகளை எண்ணுங்கள். கயிறு பிடித்து 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்று. அதற்குள் முழங்கால் உயரத்தைத் தாண்டிய மரக்கன்றுகள் எத்தனை? பால்மரக் கன்று கணக்கில் சேராது. காம்பு ஒன்றுக்கு மூன்று இலை, கிள்ளினால் பால் வரும், எளிதில் தெரிந்துவிடும். கேடயம் போல அகன்ற இலையுள்ள மகாங் சேரும். ஊதாப் பூ பூக்கும் செண்டுடோக் புதர்தான், மரமில்லை. ஆனாலும் பறவையைக் கூப்பிடும், இருக்கட்டும். அதன் சாயலில், இலையிலும் தண்டிலும் முரட்டு மயிர் அடர்ந்து, கருநீலக் காய் காய்க்கும் கிளிடேமியா மட்டும் வெளியாள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நிழலுக்குள்ளும் பரவுவது. நான்கைந்து இடத்தில் இப்படி எண்ணிச் சராசரி எடுங்கள். சதுரத்துக்குப் பத்துக்கு மேல் வந்தால் நீங்கள் எதையும் நடவேண்டியதே இல்லை. காடு வரத் தயாராக இருக்கிறது. ஐந்துக்குக் கீழே என்றால் கொஞ்சம் நட்டுத்தான் ஆகவேண்டும்.

சும்மா விட்டால்

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதைக் காட்ட புக்கிட் கியாராவைவிட நல்ல இடம் இல்லை. ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம். இன்று பழைய பால்மரங்களுக்கு நடுவே காட்டு மரங்கள் ஏறி நிற்கின்றன. அதைப் பார்த்துவிட்டு "தானா வந்துடும்" என்று சொல்பவர்கள் பலர். வரும்தான். ஆனால் அது பெரிய பரப்பு, பறவை நடமாட்டம் உள்ள இடம். மூன்று பக்கம் வீடும் ஒரு பக்கம் சாலையும் உள்ள ஓர் ஏக்கரில் விதை கொண்டுவர ஆள் குறைவு. வெளிச்சம் விழும் ஓரங்களில் மிக்கானியா கொடி முதலில் பிடித்துக்கொள்ளும். தோட்டக்காலத்தில் மூடுபயிராகப் போட்ட புவேராரியாவோ மியூக்குனாவோ மிச்சம் இருந்தால் அதுவும் ஏறும். இரண்டு மூன்று ஆண்டில் இளங்கன்றுகள் கொடியின் பாரத்தில் வளைந்து, மேலே பச்சைப் போர்வையும் உள்ளே காய்ந்த குச்சியுமாக ஆகிவிடும்.

இன்னொன்று, கிழட்டுப் பால்மரம் காற்றுக்கு நிற்காது. கட்டை எளிதில் முறியக்கூடியது, பழைய வெட்டுக்காயங்களில் உளுத்திருக்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் அடித்த புயல்மழையில் விழுந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். எல்லையை ஒட்டி வீடு இருந்தால் "சும்மா விடுவது" என்பது பக்கத்து வீட்டுக் கூரையைப் பணயம் வைப்பது. ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தில் யாராவது பழைய மெத்தை, டயர் கொண்டுவந்து கொட்டுவதும், அதில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வருவதும், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வருவதும் தனிக்கதை.

கைகொடுத்துக் காடாக்குவது

செலவு குறைவு, பொறுமை அதிகம். பாலிக் புலாவ் போன்ற கருங்கல் மண்ணில், சரிவு 15 பாகையைத் தாண்டிய நிலத்துக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம் வேர். பால்மரத்தை ஒட்டுமொத்தமாகச் சாய்த்தால் பழைய வேர்கள் சில ஆண்டுகளில் மக்கிப் பிடிப்பு விட்டுவிடும். புதுக்கன்றின் வேர் அதற்குள் மண்ணைப் பிடித்திருக்காது. அந்த இடைவெளியில் ஒரு பெருமழை வந்தால் மண் சரியும். இந்த முறையில் பழைய மரம் நிற்கும்போதே புது மரம் வேர்விட்டுவிடுகிறது.

முதல் வேலை கொடி. கணுக்கால் உயரத்தில் ஒரு வெட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மேலே இருப்பது காயட்டும். இழுக்காதீர்கள், இழுத்தால் கன்றின் தலை முறியும், உளுத்த கிளை விழும், குளவிக்கூடு இருந்தால் அதுவும் கூடவே வரும். தரையில் படர்ந்த மிக்கானியாவைப் பாய் சுருட்டுவது போல் ஓரத்திலிருந்து சுருட்டிவந்து, மண்படாமல் வெட்டிய கம்புகளின் மேல் போட்டுக் காயவிட வேண்டும். கணுவுள்ள ஒரு துண்டு ஈரமண்ணில் கிடந்தாலும் மறுபடி வேர்விடும். மருந்தடித்துத் தீர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பாராகுவாட் 2020 முதல் மலேசியாவில் தடை, மற்ற களைக்கொல்லிகள் கொடியைக் கொல்லும்போது கீழே நிற்கும் கன்றையும் சேர்த்தே கொல்லும். கொடி வெட்டுவதில் ஒரு விதிவிலக்கு, மரத்தைப் பற்றி ஏறும் அத்தி, ஆல் வகை. இந்த மரங்கள் பழுத்தால் இருவாட்சி வரும், வந்த இருவாட்சி வேறு விதை போட்டுவிட்டுப் போகும். வீட்டை ஒட்டி இல்லாதவரை கை வைக்க வேண்டாம்.

லாலாங் புல் மண்டிய இடத்தில் பாராங் கத்தியைத் தூக்குவதுதான் எல்லாரும் செய்யும் காரியம். வெட்ட வெட்ட அடிக்கிழங்கிலிருந்து இன்னும் வேகமாகக் கிளம்பும். அதற்குப் பதில் அழுத்துங்கள். ஒரு மீட்டர் நீளப் பலகை, இரு முனையிலும் துளை, அதில் கோத்த கயிறு தோளில். இடுப்பு உயரப் புல்லின் முன் பலகையை வைத்து, ஒரு காலால் முழு பாரமும் கொடுத்து மிதித்து, அடுத்த அடிக்குக் கயிற்றால் பலகையைத் தூக்கி முன்னே வைத்துப் போகவேண்டும். புல் ஒடியாமல் மடிந்து படுக்கும். படுத்த புல் தன் கீழே உள்ள தளிருக்கே நிழல் போட்டு அமுக்கிவிடும். புல் ஒரு மீட்டரைத் தாண்டியும் ஈரமாகவும் இருக்கும்போது செய்தால் நன்றாகப் படியும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்தால், மரநிழல் கூடும்போது லாலாங் தானே விடைபெறும்.

இந்த வேலைகளுக்கு முன்னால், காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் மூன்றடி மூங்கில் குச்சி நட்டு, நுனியில் வெள்ளைச் சாயம் பூசுங்கள். சிறுகாடுகள் சாவதற்குப் பூச்சியோ வறட்சியோ காரணமாவதைவிட, ஆள் வைத்துப் புல் வெட்டச் சொல்வது காரணமாவதுதான் அதிகம். இயந்திரக்காரருக்கு எல்லாம் ஒரே பச்சைதான். அரை மணியில் மூன்று ஆண்டு வளர்ச்சியைச் சமமாக்கிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார்.

வெளிச்சம் திறப்பது அடுத்தது. பால்மரங்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தேர்ந்து, இடுப்பு உயரத்தில் ஆறு அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து, உள்ளே வழவழப்பாக இருக்கும் படலத்தையும் கட்டை தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். நூலளவு பட்டை மிச்சம் இருந்தாலும் மரம் பாலம் போட்டு உயிர் பிடித்துக்கொள்ளும்; ஒரு மாதம் கழித்துப் பார்த்து அதையும் எடுக்கவேண்டும். மரம் நின்றபடியே மெல்லக் காயும், இலை உதிரும், கீழே கன்றுகள் எழும். இரண்டு ஆண்டு விட்டு அடுத்த மூன்றில் ஒரு பங்கு. காய்ந்த மரம் கிளை கிளையாக விழும் என்பதால் வீடு, வேலி, நடைபாதை இவற்றிலிருந்து மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இந்த வேலையைச் செய்யக்கூடாது. அங்கே ஆள் வைத்து ரம்பத்தால் இறக்க வேண்டியதுதான். இறக்கிய கட்டையை உடனே பிளந்து அடுக்குங்கள். பால்மரக் கட்டை வெட்டிய சில நாளிலேயே நீலம் பாயும், வண்டு துளைக்கும். கோயில் அன்னதான அடுப்புக்குக் கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

எண்ணிக்கை குறைவாக வந்த இடத்தில் நடுவதற்கு: கீழ்ச்சரிவில் பூலாய், தெம்புசு, கெலாட், செந்தூல், மேட்டில் செராயா. இந்தச் செராயா, மெராந்தி என்னும் காட்டு மர வகையில் ஒன்று, பினாங்கு மலைமுகடுகளின் சொந்த மரம். 1884இல் தொடங்கிய பினாங்குத் தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளர் சார்ல்ஸ் கர்ட்டிஸின் பெயர்தான் இதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. மெராந்தி வகைக் கன்றுக்கு இரண்டு நிபந்தனை. வெட்டவெளியில் நட்டால் கருகிவிடும், பாதி நிழல் வேண்டும். வேரோடு கூடி வாழும் பூஞ்சை இல்லாத மண்ணில் வளர்ச்சி நின்றுவிடும். பை மண்ணில் பெரிய மெராந்தி மரத்தடி மண் ஒரு கைப்பிடி கலந்திருக்கிறதா என்று விற்பவரைக் கேட்டு வாங்குங்கள். விதையைச் சேமித்து வைத்து நடுவது இந்தக் குடும்பத்தில் ஆகாது, உலர்ந்தால் செத்துவிடும்.

ஆறு மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசையில் மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு கன்று. குழி ஒன்றரை அடி. அடியில் பாறைப் பாஸ்பேட் 100 கிராம் மண்ணோடு கலந்து. பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பையோடு புதைப்பவர்கள் இருக்கிறார்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். ஏப்ரல் மழை பிடித்ததும் நடலாம், தவறினால் செப்டம்பர்த் தொடக்கம்.

உழைப்புக் கணக்கு: ஓர் ஏக்கருக்கு இருவர், முதல் ஆண்டு ஆறு வாரத்துக்கு ஒரு முழுநாள். இரண்டாம் ஆண்டு அதில் பாதி. நிழல் கூடியபின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கொடி பார்த்தால் போதும்.

மியாவாக்கி

ஜப்பானியத் தாவரவியலாளர் அக்கிரா மியாவாக்கி (1928–2021) தம் முறையை மலேசியாவிலேயே செய்து காட்டியவர். 1990களின் தொடக்கத்தில் சரவாக், பிந்துலுவில். சதுர மீட்டருக்கு மூன்று கன்று, பல இனம் கலந்து, ஆழமாகக் கொத்திப் பண்படுத்திய மண், மேலே தடித்த வைக்கோல் மூடாக்கு, இரண்டு மூன்று ஆண்டு களையெடுப்பு. அழகாகத்தான் வரும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அப்படியானால் 12,000 கன்று. கன்று 5 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலும் 60,000 வெள்ளி, மண்வேலை தனி. அதைவிட முக்கியம், சரிவில் மேல்மண்ணை முழுக்கக் கொத்திப்போட்டால் முதல் மழையிலேயே ஓடைக்குப் போய்விடும். பாலிக் புலாவ் மலையடிக்கு இது வேண்டாம். கோலாலம்பூரில் கோயில் பின்புறமோ பள்ளி ஓரமோ 200 சதுர மீட்டர் மட்டமான, கட்டுமான மண் கொட்டி இறுகிப்போன இடம் இருந்தால், அங்கே இதைப்போல் வேறில்லை: 600 கன்று, ஒரு நாள் கூட்டு உழைப்பு. உள்ளே நுழைந்து நடக்க முடியாத அடர்த்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே நின்று பார்க்கும் காடு அது.

டூசுன்

மனம் இழுப்பது இங்கேதான். ஆங் ஹே, ஹோர் லோர் என்று பினாங்கு டுரியான் பெயர்களைச் சொன்னாலே பாதிப்பேர் மற்ற மூன்று வழியையும் மறந்துவிடுவார்கள். 15 பாகைக்குள் சரிவு, பக்கத்தில் தண்ணீர், வாரம் ஒருமுறை வரும் ஆள், மூன்றும் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

ஆனால் பழைய பால்மர நிலத்தில் மண்ணுக்குள் ஒரு எதிரி இருக்கலாம்: வெள்ளை வேர் நோய். செத்த அடிக்கட்டைகளில் தங்கி, வேர் வழியாகப் பரவும் பூஞ்சை. பலா, செம்படாக், மரவள்ளியையும் பிடிக்கும். கண்டுபிடிக்கும் வழி பழைய தோட்டத்து வழிதான்: சந்தேகமான மரத்தடியைச் சுற்றிக் காய்ந்த இலையைத் தடிப்பாகக் குவித்து மூன்று வாரம் விட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். தண்டடியில் வெள்ளை நூல்கள் ஒட்டிப் படர்ந்திருந்தால் நோய் உண்டு. அந்த அடிக்கட்டையைப் பக்கவேரோடு தோண்டி எடுக்கவேண்டும். புதுக்குழி மண்ணில் 100 கிராம் அளவு கந்தகத்தூள் கலப்பது வழக்கம்.

டுரியானுக்கு 33 அடி இடைவெளி, அதாவது ஏக்கருக்கு நாற்பது மரம். இரண்டு மரம் கூட வைக்கலாமே என்ற ஆசை பதினைந்தாம் ஆண்டில் கிளைகள் மோதும்போது கணக்குத் தீர்க்கும். ஒட்டுக்கன்று ஐந்து முதல் ஏழு ஆண்டில் காய்க்கும். ஓரடி உயர மேட்டில் நடுங்கள், ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும், மூடாக்கு தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். டுரியானைக் கொல்வது பைத்தோப்தோரா என்னும் நோய்க்கிருமி. ஈரமண் தெறித்துத் தண்டடியில் ஏறும். பட்டையில் நனைந்தாற்போல் ஒரு கருந்திட்டு தெரிந்து, கத்தியால் சீவினால் உள்ளே செம்பழுப்பாக இருந்தால் அதுதான். பரவுவதற்குள் சீவிச் சுத்தப்படுத்தி மருந்திட வேண்டும். பூ மாலையில் விரியும், இரவில் வௌவால்தான் மகரந்தம் சேர்க்கும். பழந்தின்னி என்று வௌவாலை விரட்டுபவர் தன் காய்ப்பைத் தானே விரட்டுகிறார்.

நடுவில் ஜாதிக்காய் வைக்கலாம். இளமையில் நிழலை விரும்பும். ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதைக்கன்றில் ஏறத்தாழ பாதி ஆணாகப் போய்விடும், அது பூக்கும்வரை ஐந்தாறு ஆண்டுக்குத் தெரியாது. பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்று பத்துக்கு ஓர் ஆண் போதும். மங்குஸ்தீனுக்கு எட்டு முதல் பத்து ஆண்டு பொறுமை வேண்டும், ஆனால் விதைக்கன்றே தாய்மரத்தை உரித்துவைத்தாற்போல் வருவதால் ஒட்டு பற்றிய கவலை இல்லை.

உழைப்பு? மாதம் ஒரு புல்வெட்டு, ஆண்டுக்கு நான்கு உரம், ஜூன், ஜூலையில் பழம் விழும் காலத்தில் தினமும் ஆள். அணிலும் குரங்கும் உங்களுக்கு முன்னே வந்துவிடும். கிரானில் ஐந்து பேர் பெயர் இருந்தால், யார் உரம் வாங்கியது, யார் பழம் எடுத்தது என்ற பேச்சு முதல் நல்ல விளைச்சலிலேயே தொடங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் கலப்பது

ஓர் ஏக்கரில் பெரும்பாலும் மேலே சரிவும் கீழே மட்டமும் இருக்கும். மேல் மூன்றில் இரண்டு பங்கு கைகொடுத்து வளர்க்கும் காடு, கீழே பன்னிரண்டு பழமரம்: எங்கள் பரிந்துரை இதுவே. மேலே காடு இருப்பதால் மழைநீர் மெதுவாக இறங்கும், கீழ்மரங்களுக்கு வறண்ட மாதத்திலும் ஈரம் இருக்கும்.

நடந்து பார்க்க ஒரு பாதை வேண்டும். இரண்டரை அடி அகலம் போதும். சரிவை நேராக இறங்காமல் குறுக்கே வளைந்து போகவேண்டும். நேராக வெட்டிய பாதை மழைக்காலத்தில் வாய்க்கால் ஆகிவிடும். பதினைந்து, இருபது அடிக்கு ஒரு பால்மரக் கம்பைப் பாதைக்குச் சாய்வாகப் பாதி புதைத்து வைத்தால் தண்ணீர் ஓரத்துக்குத் திரும்பும். எல்லையில் மூங்கில் புதர் இருந்தால் மூன்று வயதுக்கு மேற்பட்ட கழிகளை மட்டும், கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள்; இரண்டு கணுவுக்கு நடுவே வெட்டினால் அந்தக் குழாயில் தண்ணீர் நின்று கொசு வளரும். விழுந்த இலையைப் பெருக்க வேண்டாம். தெலுக் பகாங்கில் 2019இல் சாலைக்கு மேலே குரங்குகள் கடக்கப் பாலமே கட்டினார்கள்; உங்கள் நிலம் இரண்டு காட்டுத்துண்டுக்கு நடுவே இருந்தால், மேலே கிளைகள் தொட்டுக்கொள்ளும்படி ஒரு வரிசை மரத்தை விட்டுவைத்தாலே லோத்தோங் குரங்கு வந்துபோகும்.

ஐந்து ஆண்டுக்குள் விற்றாலும் விற்போம் என்ற பேச்சு வீட்டில் இருந்தால், மேலே சொன்ன எதிலும் பணம் போடாதீர்கள். எல்லையோர உளுத்த மரங்களை மட்டும் இறக்கிவிட்டு, ஆண்டுக்கு மூன்று முறை கொடியை வெட்டி வையுங்கள். வாங்குபவர் என்ன செய்ய நினைத்தாலும் அதனால் கெடுதல் இல்லை. நீங்களே மனம் மாறி வைத்துக்கொண்டால், எண்ணுவதற்குக் கன்றுகள் தயாராக நிற்கும்.